இடப்பக்கம் விடுபட்ட பதிவேடு: கனடாவின் வட பசிபிக் கரையில் ஒரு பாய்ப்படகுப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் தம்பதியின் சம்மதத்தோடு, அவர்களுடைய படகுப் பதிவேட்டையும் மனைவி தனியாக எழுதிவைத்த குறிப்புகளையும் கொண்டு இது எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன. நாட்கள் அடிபட்ட நாளிலிருந்து எண்ணப்படுகின்றன.

பின்னணி

கணவருக்கு 69 வயது, மனைவிக்கு 66. அவர் கட்டுமானப் பொறியாளராகவும் மனைவி பள்ளி நூலகராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். வீடு வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில். 36 அடிப் பாய்ப்படகு ஒன்றை 20 ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின், தானியங்கிச் சுக்கான், விஎச்எஃப் ரேடியோ, செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவி, கரைக்குப் போய்வர ரப்பர் படகு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. படகு பராமரிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கணவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உண்டு. ரத்தம் கட்டாமல் இருக்க எபிக்ஸபான் 5 மில்லிகிராம் மாத்திரை காலையும் இரவும் எடுத்துவந்தார். மற்றபடி ஆரோக்கியமானவர். அந்த மாத்திரையை அவர்கள் வீட்டில் வைட்டமின் மாத்திரை போலத்தான் பேசிக்கொள்வார்கள் என்று மனைவி எழுதியிருக்கிறார். இது பலர் வீட்டு நிலைமை. பல ஆண்டு விழுங்கினால் எந்த மருந்தும் பயம் விட்டுப்போகும்.

படகு வேலை இருவருக்கும் இடையில் தானாகப் பிரிந்திருந்தது. மனைவி சுக்கான் பிடிப்பார், நங்கூரம் போடும்போது எஞ்சினைக் கவனிப்பார், சமையல், சாமான். வழி குறிப்பது, ஓதக் கணக்கு (கடல்நீர் ஏறி இறங்கும் நேரக் கணக்கு), வானிலை, ரேடியோ, பதிவேடு எல்லாம் கணவர். ரேடியோ இயக்கும் சான்றிதழ் அவரிடம்தான் இருந்தது. 20 ஆண்டுகளாக இந்தப் பிரிவினையில் ஒரு சிக்கலும் வந்ததில்லை என்பதால் அதை யாரும் மறுபடி யோசிக்கவில்லை.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்து அலாஸ்கா வரை போகும் இன்சைட் பாசேஜ் என்ற வழி பெரும்பாலும் தீவுகளுக்கு உட்புறமாகவே செல்கிறது. பசிபிக்கின் அலை நேராக உள்ளே வருகிற இடங்கள் சிலவே. அவற்றில் ஒன்று வான்கூவர் தீவின் வடமுனை தாண்டியதும் வரும் குவீன் ஷார்லட் சவுண்ட். அங்கே பெருநிலத்தில் இருக்கும் முனைக்குப் பெயர் கேப் காஷன். 1792இல் ஜார்ஜ் வான்கூவரின் டிஸ்கவரி கப்பல் அந்த வட்டாரத்தில் பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. எச்சரிக்கை என்று அர்த்தம் தரும் பெயர் அதனால் வந்தது. போர்ட் ஹார்டியை விட்டால் அடுத்த மருத்துவமனை வடக்கே பெல்லா பெல்லாவில். நடுவில் ஊர் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. கைபேசியும் பெரும்பகுதி வேலை செய்யாது.

அடிபட்ட நாள்

ஜூலையில் ஒரு நாள் காலை. போர்ட் ஹார்டிக்கு எதிரே உள்ள காட்ஸ் பாக்கெட் என்ற சிறு ஒதுக்கிடத்தில் இருந்து கிளம்பினார்கள். கிளம்புமுன் வெஸ்ட் சீ ஆட்டர் மிதவையின் அலை உயரத்தையும் எக் ஐலண்ட் கலங்கரை விளக்கத்தில் இருந்து வரும் நிலவர அறிக்கையையும் கணவர் குறித்துக்கொண்டார். மிதவையில் அலை ஒரு மீட்டருக்குச் சற்று மேல், காற்று தென்கிழக்கு 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்). அந்த முனையைக் கடக்க இதைவிட நல்ல நாள் கிடைப்பது அரிது. போக முடிவெடுத்தது சரியான முடிவு.

காற்று நேர் பின்னால் இருந்து வந்தது. பெரிய பாயை வலப்பக்கம் முழுதாக விரித்து, தானியங்கிச் சுக்கானில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேற்கில் இருந்து வந்த நீண்ட அலை படகை இடமும் வலமும் உருட்டியது. பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பூம் என்கிற கிடைமரத்தை முன்னோக்கி இழுத்துக் கட்டிவைக்கும் கயிறு படகில் இருந்தது, ஆனால் கட்டப்படவில்லை. காற்று மென்மையாக இருந்ததால் தேவைப்படாது என்று தோன்றியது.

11 மணிக்குக் கணவர் கீழே இருந்து படியேறி, எக் ஐலண்ட் தெரிகிறதா என்று பார்க்க இருக்கையின் மேல் ஏறி நின்றார். ஒரு பெரிய உருட்டலில் படகின் பின்புறம் திரும்ப, காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது. பூம் வலமிருந்து இடத்துக்கு ஒரே வீச்சில் போனது. போகிற வழியில் அவருடைய வலது காதுக்கு மேலே அடித்தது.

மயக்கம் இல்லை. உட்கார்ந்துவிட்டார். தோல் கிழியவில்லை, வீக்கம் மட்டும். பெயர், நாள், எங்கே இருக்கிறோம் என்று மனைவி கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். தன் மண்டையைவிடப் பாய்க்கு என்ன ஆனது என்பதில்தான் அக்கறையாக இருந்தார். பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினில் ஓட்டி, மாலையில் ரிவர்ஸ் இன்லெட் வாயில் இருக்கும் ஃப்யூரி கோவ் போய் நங்கூரம் போட்டார்கள்.

முதல் முடிவு

அன்றிரவு மனைவி முதலுதவிக் கையேட்டைப் படித்தார். தலையில் அடிபட்டவரை 24 மணி நேரம் கவனிக்கச் சொல்லியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பேசவைத்தார், கைவிளக்கில் கண்மணிகளைப் பார்த்தார். வாந்தி இல்லை, குழப்பம் இல்லை. மறுநாள் முழுவதும் அங்கேயே தங்கி ஓய்வெடுத்தார்கள். மாலையானதும் பதிவேட்டில் கணவர் எழுதிய வரி: "தலை தேறிவிட்டது. நாளை ப்ரூத் பே."

இந்த ஆய்வில் முக்கியமான இடம் இதுதான். பின்னால் வந்த இரவின் பரபரப்பைவிட இதைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும்.

கையேடு சொன்னதை அவர்கள் அப்படியே செய்தார்கள். ஆனால் அந்த 24 மணி நேரக் கவனிப்பு பொதுவான ஆளுக்கானது. வயது கூடும்போது மூளை சற்றே சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பில் இருந்து உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. ஓர் அடியில் அவற்றில் ஒன்று கிழிந்தால் ரத்தம் பீறிடுவதில்லை, கசிகிறது. சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் இருப்பதால் பல நாட்களுக்கு அழுத்தமும் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு அந்தக் கசிவு நிற்கவும் தாமதமாகும். சப்டூரல் ஹெமடோமா எனப்படும் இது அடிபட்ட அன்றே வெளிப்படலாம், சில நாள் கழித்தும் வரலாம், மூன்று வாரத்துக்கு மேல் கழித்தும் வரலாம். அதனால்தான், இவ்வகை மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். பெரும்பாலும் சிடி ஸ்கேனும் எடுக்கிறார்கள்.

எபிக்ஸபானைப் பற்றிய பேச்சு அந்த இரவு இருவருக்கும் இடையில் வரவே இல்லை. மருந்து மாத்திரைப் பெட்டியில் இருந்தது, அடி பதிவேட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை.

ரேடியோவில் கடலோரக் காவல்படையை அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்டிருக்கலாம். 16ஆம் சேனலில் கூப்பிட்டால் மருத்துவரோடு பேச ஏற்பாடு செய்வார்கள். அதற்குக் காசு கிடையாது, உடனே யாரையும் அனுப்பியும் விடமாட்டார்கள். "ஒரு வீக்கத்துக்காகவா அவர்களைக் கூப்பிடுவது?" என்பது கணவரின் எண்ணம். மனைவிக்கோ ரேடியோவில் அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது.

நடுவில் போன நாட்கள்

மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாள்வரை கால்வெர்ட் தீவில் ப்ரூத் பே. தீவின் குறுகிய பகுதியைக் காட்டுப்பாதையில் நடந்து கடந்தால் மறுபுறம் பசிபிக்கை நோக்கிய வெண்மணல் கரை. அங்கே இருவரும் தினமும் நடந்தார்கள். நான்காம் நாள் கணவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. மருந்துப் பெட்டியில் இருந்த இபுப்ரோஃபன் எடுத்துக்கொண்டார். வலி குறைந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு, சில நாள் மூன்று. இபுப்ரோஃபன், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையைக் குறைப்பது. எபிக்ஸபானோடு சேர்ந்தால் கசிவுக்கு இன்னும் வசதி. பாராசிட்டமாலும் அதே பெட்டியில்தான் இருந்தது.

ஏழாம் நாள் ஃபிட்ஸ் ஹியூ சவுண்ட் வழியாக வடக்கே போனார்கள். நாமுவில் கைவிடப்பட்ட மீன் பதனிடும் ஆலை சரிந்து கிடப்பதைக் கடந்து, ஃபிஷர் சானலின் கிழக்குக் கரையில் காட்வில் லகூன் என்ற உள்நீர்நிலைக்குள் நுழைந்தார்கள். சுற்றிலும் மலை, உள்ளே கண்ணாடி போல நீர். வாய் குறுகல், பாறை பார்த்து நுழைய வேண்டும்.

நுழையும்போது சுக்கான் கணவரிடம் இருந்தது. படகு இடப்பக்கக் கரைக்கு மிக அருகே போவதைப் பார்த்து முன்னால் நின்ற மனைவி சத்தம் போட்டார். "தெரிகிறது, தெரிகிறது" என்றார் கணவர். ஆனால் மனைவி கைகாட்டும் வரை திருப்பவில்லை. களைப்பு என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

கவனித்தவை

எட்டாம் நாள் அவர் பகலில் மூன்று முறை தூங்கினார். வாசிக்கக் கொண்டுவந்த புத்தகத்தைத் தொடவில்லை. மனைவியின் குறிப்பில் அன்று ஒரே வரி: "சிடுசிடுப்பு இல்லை. அதுதான் விநோதம்." மழை நாளில் படகுக்குள் அடைபட்டால் முணுமுணுக்கும் மனிதர் அன்று எதற்கும் சரி என்றார்.

ஒன்பதாம் நாள் காட்வில்லில் இருந்து சேகர் ஏரிக்குப் போகும் காட்டுப்பாதையில் நடந்தார்கள். சேறும் வேருமான பாதை. கணவருக்கு இடது கால் நான்கைந்து முறை தடுக்கியது. பாதை அப்படி என்பதால் அதுவும் கணக்கில் வரவில்லை.

திரும்பி வந்தபோது ரப்பர் படகு கரையில் இல்லை. கட்டிய மரக்கட்டை தண்ணீருக்குள் போயிருந்தது, கயிறு நழுவிப் படகு சற்றுத் தள்ளி மிதந்தது. மனைவி இடுப்பளவு குளிர்நீரில் இறங்கிப் பிடித்து வந்தார். இது எப்படி நடந்தது என்பது இருவருக்கும் புரியவில்லை, ஏனென்றால் ஓதக் கணக்கில் கணவர் தவறியதே இல்லை.

காரணத்தை மனைவி பதிவேட்டைத் திறந்து கண்டுபிடித்தார். கனடாவின் அச்சிட்ட ஓத அட்டவணையில் இந்தக் கரைக்கான நேரங்கள் பசிபிக் நிலைநேரத்தில் இருந்தன. கோடையில் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடியதால் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு மணி கூட்ட வேண்டியிருந்தது. அட்டவணையில் உயர் ஓதம் 14:10 என்று இருந்தது, கடிகாரப்படி 15:10. கணவர் 14:10 என்றே எடுத்துக்கொண்டார். அவர்கள் கரையேறியது 13:30க்கு. இன்னும் ஒரு சாண் நீர்தான் ஏறும் என்று அவர் நினைத்த நேரத்தில் அரை மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. 20 கோடைகளாகக் கை தானாகச் செய்துவந்த கூட்டல் அது.

பக்கத்தைப் புரட்டியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. பதிவேட்டில் பத்திகள் இடமிருந்து வலமாக நேரம், இடம், திசை, காற்று, பாரமானி, எஞ்சின் மணி. ஏழாம் நாளில் நேரப் பத்தி காலி. எட்டாம் நாளில் நேரமும் இடமும் காலி. ஒன்பதாம் நாள் காலைப் பதிவு பக்கத்தின் நடுவில் இருந்து ஆரம்பித்து வலது ஓரத்தில் நெருக்கியடித்து முடிந்திருந்தது. எழுத்து ஒழுங்காகவே இருந்தது. இடப்பக்கம்தான் இல்லை.

மனைவி அதைக் கேட்டார். கணவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் எழுதியிருக்கிறதே என்றார்.

அந்த மாலையும் இரவும்

18:30க்குச் சாப்பாடு. சோறும் சால்மன் மீனும் பீன்ஸும். கணவர் தட்டில் வலப்பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார். இடப்பாதி தொடப்படவில்லை, நடுவில் கோடு போட்டது போல. மனைவி ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைத்தார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டு அவர் மீதியையும் சாப்பிட்டார்.

அப்போதுதான் மனைவிக்கு உறைத்தது. பக்கவாதம் பற்றி எங்கோ பார்த்த சுவரொட்டி நினைவுக்கு வர, இரு கைகளையும் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். இடது கை மெல்ல இறங்கியது.

பெல்லா பெல்லா அங்கிருந்து சுமார் 15 கடல்மைல். எஞ்சினில் மூன்று மணி நேரம். வெளிச்சம் இருந்தது. உடனே நங்கூரத்தைத் தூக்கிக் கிளம்பலாம் என்பது மனைவியின் முதல் எண்ணம். கணவர் மறுத்தார்: தலைவலிதான், காலையில் பார்க்கலாம், இருட்டில் வழியிலுள்ள லாமா பாசேஜில் மிதக்கும் மரக்கட்டைகளில் மோதினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. வாதத்தில் குறை இல்லை, அதுதான் தொல்லை. நோய் பாதித்த மூளைதான் படகில் அனுபவம் மிகுந்த மூளையாகவும் இருந்தது. நிதானமாகவும் காரணத்தோடும் பேசியது. மறுப்பில் பிடிவாதம் தெரிந்திருந்தால் மனைவி மீறியிருப்பார்.

செயற்கைக்கோள் கருவியில் அவசரப் பொத்தான் இருந்தது. அதை அழுத்துவது பற்றியும் பேசினார்கள். படகு மூழ்கினால்தான் அந்தப் பொத்தான் என்பது இருவரும் எப்போதோ செய்துவைத்த தீர்மானம். 20:00க்குக் கணவர் இரவு எபிக்ஸபானை எடுத்துக்கொண்டார். 22 மணிக்குப் படுத்துவிட்டார்.

23:20க்குக் குறட்டையின் சத்தம் மாறியதைக் கேட்டு மனைவி எழுப்பினார். தோளை உலுக்கியும் பல முறை கூப்பிட்ட பிறகே கண் திறந்தார், உடனே மூடினார். அந்த நொடியில் விவாதம் முடிந்தது.

ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிட்டார். மரணம் அல்லது மூழ்கும் ஆபத்து உடனடியாக இல்லாத அவசரத்துக்கு "பான்-பான்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. படகின் பெயரைச் சொல்லி, என் கணவருக்கு உதவி வேண்டும் என்றார். அதுவே போதும். ஆனால் விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவது. சுற்றி நின்ற மலைகள் மறைத்தன. கரை நிலையத்தில் இருந்து பதில் இல்லை. பதில் தந்தது அதே லகூனில் 300 மீட்டர் தள்ளி நங்கூரமிட்டிருந்த இன்னொரு படகு.

23:40க்குச் செயற்கைக்கோள் கருவியில் நனைமோவில் இருக்கும் மகளுக்குச் செய்தி அனுப்பினார்: அப்பாவுக்குத் தலையில் எட்டு நாள் முன் அடி, எபிக்ஸபான் எடுக்கிறார், இடது கை பலவீனம், எழுப்ப முடியவில்லை, காட்வில் லகூன். ஒரு வாரமாக இணைந்து வராத விவரங்கள் அந்த ஒரு செய்தியில்தான் முதல் முறையாக ஒரே வரியில் வந்தன. மகள் விழித்திருந்தார். மாகாணத்தின் 811 சுகாதார உதவி எண்ணை அழைத்தார். செவிலியர் செய்தியைக் கேட்டதும் இது காத்திருக்கும் விஷயமில்லை என்றார். மகள் உடனே விக்டோரியாவில் உள்ள கூட்டு மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் பேசினார். பெல்லா பெல்லாவில் காவல்படையின் மீட்புப் படகு நிலையம் இருக்கிறது. 00:20க்கு மனைவியின் கருவிக்குப் பதில் வந்தது: படகு கிளம்புகிறது.

அடுத்த படகுக்காரர் தன் ரப்பர் படகில் வந்து மனைவியிடம் விவரம் கேட்டுவிட்டு, பெரிய விளக்கோடு லகூனின் வாய்க்குப் போய் நின்றார். 01:50க்கு மீட்புப் படகு உள்ளே வந்தது. அதில் வந்த மீட்புப் பயிற்சி பெற்றவர் ரத்தச் சர்க்கரையைப் பார்த்தார், கண்மணிகளைப் பார்த்தார், தலையைச் சற்று உயர்த்திக் கிடத்தினார். மனைவி எடுத்துக்கொண்டவை மூன்று: வார மாத்திரைப் பெட்டி, இபுப்ரோஃபன் குப்பி, பதிவேடு. பாய்ப்படகை அடுத்த படகுக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மருத்துவமனையில்

பெல்லா பெல்லா மருத்துவமனையில் பணிமருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசி எபிக்ஸபான் எத்தனை மணிக்கு என்பது. 20:00 என்ற பதில் கையில் இருந்தது. பதிவேட்டின் மூன்று பக்கங்களைப் புரட்டிய மருத்துவர், வலது மூளையில் அழுத்தம் இருந்தால் மனிதர் தன் இடப்பக்க உலகத்தையே கவனிக்காமல் விடலாம் என்றும், விட்டிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம் என்றும் விளக்கினார். பொழுது விடிந்ததும் ஆம்புலன்ஸ் விமானத்தில் வான்கூவருக்கு அனுப்பினார்கள்.

வான்கூவரில் எடுத்த சிடி ஸ்கேனில் வலப்பக்கம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தடிப்பில் ரத்தக் கசிவு, மூளை சற்றே இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. மருந்தின் விளைவை முறிக்க உறைகாரணிச் செறிவு செலுத்தி, மண்டையோட்டில் இரண்டு சிறு துளைகள் இட்டு ரத்தத்தை வடித்தார்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டில் தட்டு முழுதும் காலியானது என்று மனைவி குறித்திருக்கிறார். எட்டு நாளில் வீட்டுக்கு வந்தார். இடது கை பலம் திரும்ப ஆறு வாரம் ஆனது. எபிக்ஸபானை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் மூளை அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நிறுத்தினால் பக்கவாத ஆபத்து, தொடங்கினால் மீண்டும் கசியும் ஆபத்து. சில வாரம் பொறுத்து, இன்னொரு ஸ்கேன் பார்த்துத் தொடங்கினார்கள்.

படகு மூன்று நாள் லகூனிலேயே கிடந்தது. பிறகு அடுத்த படகுக்காரர் டென்னி தீவில் உள்ள ஷியர்வாட்டருக்குக் கொண்டுபோய்க் கட்டினார். அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடல் விமானங்களுக்காகக் கட்டிய கொட்டகை இன்று படகுப் பட்டறையாக இருக்கிறது. ஆகஸ்டில் ஊதியத்துக்குப் படகு கொண்டுவந்து தரும் ஒரு மாலுமியோடு மனைவியும் ஏறி வீட்டுக்கு ஓட்டி வந்தார். ஓதக் கணக்கு முழுவதும் அவர் கையெழுத்தில் இருக்கிறது.

என்ன மாற வேண்டும்

அந்த இரவு மனைவி எடுத்த ஐந்து மணி நேரம், 18:30இல் இருந்து 23:40 வரை, அதிகம்தான். கை இறங்கிய நொடியில் அவசரப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அது 24 மணி நேரமும் ஆள் இருக்கும் மையத்துக்குப் போகிறது. நள்ளிரவில் மகளின் கைபேசி ஒலித்ததும் அவர் விழித்திருந்ததும் அதிர்ஷ்டம். இதைத் திட்டம் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆனாலும் நான் அந்த ஐந்து மணி நேரத்தைவிட முதல் மாலையின் ஒரு மணி நேரத்தைத்தான் பெரிதாக எண்ணுகிறேன். ஃப்யூரி கோவில் ஒரு ரேடியோ அழைப்பு போயிருந்தால், எபிக்ஸபான் என்ற சொல் மருத்துவர் காதில் விழுந்திருக்கும். வடக்கே ஒரு வாரம் போகாமல், நேராக ஸ்கேனுக்கு ஆள் திரும்பியிருப்பார்.

தம்பதி பிறகு செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது பதிவேடு பற்றியது. இப்போது ஒருநாள் அவர் எழுதுகிறார், ஒருநாள் மனைவி. ஓதக் கணக்கை இருவரும் தனித்தனித் தாளில் போட்டு, பிறகு ஒப்பிடுகிறார்கள். முதலில் இது கணவருக்குப் பிடிக்கவில்லை. கணக்குச் சரிபார்ப்பது பொறியாளருக்கு அவமானமில்லை என்று மனைவி ஒருநாள் சொன்னாராம். அலுவலகத்தில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் இரண்டாவது கையெழுத்து கேட்டவர் நீங்கள்தானே என்று.

மருந்துப் பெட்டியின் மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தலையில் அடி என்றால் அன்றே மருத்துவ ஆலோசனை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். அதன்பின் நான்கு வாரம் கவனிக்க வேண்டியவை: கூடிவரும் தலைவலி, பகல் தூக்கம், நடையில் தடுமாற்றம், வழக்கமில்லாத அமைதி, கணக்குப் பிழை. இபுப்ரோஃபன் படகிலேயே இல்லை. எழுதியவர் மனைவி. "வழக்கமில்லாத அமைதி" என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது, ஆனால் அவரைப் பொறுத்தவரை அதுதான் முதல் அறிகுறி.

ரேடியோச் சான்றிதழை மனைவி அந்தக் குளிர்காலத்தில் எடுத்தார். படகைத் தனியாகத் துறையில் கட்டவும் பழகினார். காற்று எதிராக இருந்தால் இன்னும் தடுமாறுகிறார், அதை மறைப்பதில்லை. ரேடியோவின் அருகே படகின் பெயர், அழைப்புக் குறி, எப்படிப் பேச வேண்டும் என்ற மூன்று வரி, இருவரின் மருந்துப் பட்டியல் ஆகியவை பிளாஸ்டிக் உறையில் தொங்குகின்றன. மலை சூழ்ந்த இடத்தில் நங்கூரமிட்டதும் ரேடியோ கரைக்குக் கேட்கிறதா என்று அன்றன்றைக்குச் சோதித்து அதையும் பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

பூமைக் கட்டும் கயிறு இப்போது பின்காற்று என்றால் காற்றின் வலு பார்க்காமல் கட்டப்படுகிறது. கேப் காஷனில் அன்று வீசிய 15 நாட் காற்று யாரையும் பயமுறுத்தும் காற்று அல்ல. பூமை வீசியது காற்றைவிட அலையின் உருட்டல்தான்.

அடுத்த கோடையில் கணவருக்கு மருத்துவர் கடலுக்கு அனுமதி தந்தார். மனைவி வைத்த நிபந்தனை வேறு: அந்த ஆண்டு போர்ட் ஹார்டிக்கு வடக்கே போவதில்லை, மருத்துவமனை உள்ள ஊர்களில் இருந்து ஒரு நாள் ஓட்டத்துக்குள். அவர்கள் ஜான்ஸ்டன் ஸ்ட்ரெய்ட்டும் ப்ரௌட்டன் தீவுக்கூட்டமுமாக ஆறு வாரம் சுற்றிவிட்டு வந்தார்கள். வடக்கே போவது பற்றி இருவருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை.